கொதிநீர்க் குழாய் நம் வீட்டுக்குத் தேவையா?

தீக்காயம் என்றதும் நம் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தை எவரும் மறந்திலர். ஆயினும் தோலைச் சுடுவதற்கு வெடிமருந்து வேண்டுவதில்லை. சமையலறையின் கொதிநீரே போதும். திறந்தவுடன் கொதிநீர் தரும் மின்குழாயை வாங்க எண்ணும் குடும்பங்கள் முதலில் இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பொருத்தப்படும் சிறு கலன், நீரை எந்நேரமும் கொதிநிலையை ஒட்டியே வைத்திருக்கும். இதில் நன்மையும் உண்டு. கைந்நடுக்கம் உள்ளவர் கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் இடர் குறைகிறது.

ஆனால் நோயாளி பருகுவதற்கு வேண்டியது கொதிக்கின்ற நீர் அன்று; கொதித்து ஆறிய நீர். ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தாலே நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். காலையில் காய்ச்சி மூடி வைத்த நீர் அன்றைய பொழுதுக்குப் போதுமானது. வெந்நீருக்குப் பிளாஸ்க் இருக்கிறது. மேலும், ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், கொதித்தல் அவ்வுப்பை நீக்காது. கலனுக்குள் சுண்ணாம்புப் படிவும் சேரும்.

60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரே சில நொடிகளில் ஆழ்ந்த புண்ணை உண்டாக்க வல்லது. இக்குழாயின் நீரோ அதனினும் மிகச் சூடானது. குழந்தையின் தோல் மெல்லியது. சர்க்கரை நோயால் உணர்வு குன்றிய கை, சுடுவதை உடனே அறியாது.

ஆகவே சிறுவரும், பார்வை குன்றியவரும், நினைவு தடுமாறும் முதியவரும் உள்ள இல்லங்களுக்கு இக்குழாய் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பிறர் வாங்குவதாயின், அழுத்தித் திருப்பினால் மட்டுமே திறக்கும் பாதுகாப்புப் பூட்டு உள்ளதையே தேர்க. எர்த் இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு சரிபார்க்க.

எந்த வீடாயினும் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். கொதிநீர் பட்டால் மோதிரம், வளையல்களை உடனே கழற்றி, அவ்விடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, பேனா மை, மாவு எதனையும் தடவாதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.