ஒன்றரை அடி செவுரும் ஆறு கொம்பு ரவுட்டரும்

வைஃபை எட்டலைன்னு சொன்ன உடனே "ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் போடுங்க சார்"னு அருள்வாக்கு சொல்றவங்க மேல எனக்கு இருக்கற கொலைவெறியை இன்னைக்கு இங்க இறக்கி வைக்கப் போறேன். ஆபீஸ்ல ஆணி கம்மி. மாட்டினீங்க மக்களே :-)

கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டின வீடு. சுண்ணாம்புக் காரை வெச்ச செங்கல் செவுரு, ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி. கனெக்‌ஷன் கொடுக்க வந்த ஆள், ஃபைபர் எந்த ஓட்டை வழியா உள்ள வந்துச்சோ அங்கயே, இரும்பு பீரோவுக்குப் பின்னால ரவுட்டரை மாட்டிட்டுப் போயிட்டார். கடைசி ரூம்ல அப்பா. இடுப்பெலும்பு முறிஞ்சு நாலு மாசமா படுக்கை. சாயங்காலம் ஆறரைக்கு சிங்கப்பூர்லேர்ந்து அக்கா பொண்ணு வீடியோல வருவா. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் ஷேவ் பண்ணிட்டு உட்கார்ந்திருப்பார். ரெண்டாவது நிமிஷம் படம் உறைஞ்சிடும். "தாத்தா சிலையாயிட்டாங்க"ன்னு குட்டி சிரிக்கும். அப்பா போனைக் கவுத்து வெச்சிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பார்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு ரிப்பீட்டர் 1,800 ரூபாய். அப்புறம் ஆறு கொம்பு ரவுட்டர் 4,500. போன்ல கோடு முழுசா காட்டுது, தாத்தா மட்டும் அப்பவும் சிலைதான். காலேஜ்ல ஆன்டெனா பேப்பரை அரியர் வெச்சு க்ளியர் பண்ண எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

ரிப்பீட்டர் புதுசா எதையும் உண்டாக்கறதில்ல. காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லுது, அவ்ளோதான். ஒரே ரேடியோ உள்ள சல்லிசான ரிப்பீட்டர், கேக்கவும் சொல்லவும் அதே சேனலையே உபயோகிக்கறதால வேகம் பாதியாயிடும். அந்த முழுக் கோடும் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவுல உள்ள சிநேகிதம். ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல அதே செவுரு இடிக்காம நிக்குதே!

கொம்பு? கூட இருந்தா ரவுட்டரோட காது கொஞ்சம் கூர்மையாகும், மறுக்கல. ஆனா எவ்ளோ சத்தமா கத்தலாம்னு சட்டமே எல்லை போட்டிருக்கு. ரவுட்டர் கத்தினா மட்டும் போதுமா, போனும் பதில் சொல்லணுமே? அதுக்கு இருக்கறது சின்னக் குரல். 5 கிகாஹெர்ட்ஸ்னு பெருமையா விக்கறாங்களே, தடி செவுத்துல அதுதான் 2.4-ஐ விட சீக்கிரம் செத்துப் போகும்.

"அப்ப மெஷ் வாங்கு"ன்னு ஒருத்தர் வருவார். நல்ல சாமான்தான். ஆனா அந்தப் பொட்டிகளும் ஒண்ணோட ஒண்ணு காத்துலயே பேசினா, அதே ஒன்றரை அடியைத் தாண்டித்தான் பேசணும். நடுவுல ஒயர் இழுத்தாத்தான் அது முழுசா வேலை செய்யும். ஒயர் இழுக்கறதுன்னு ஆயிடுச்சுன்னா, பரண்ல கிடக்கற பழைய ரவுட்டரே போதுமே!

அதைத்தான் செஞ்சேன். 25 மீட்டர் கேட்-6 ஒயர். முற்றத்து ஓரமா, வென்டிலேட்டர் வழியா கடைசி ரூமுக்கு. செவுத்துல ஒரு ஓட்டை கிடையாது. பழைய ரவுட்டர்ல டிஹெச்சிபியை அணைச்சு, புது ரவுட்டரோட ஐபி இல்லாம வேற ஐபி கொடுத்து, லேன் போர்ட்ல சொருகி, ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்ட். 2.4-ல ஒண்ணுக்கு சேனல் 1, இன்னொண்ணுக்கு 11. மொத்த செலவு ஆயிரத்தைத் தாண்டல.

இதை ஏன் ஒரு கடைக்காரரும் சொல்லல? ஒயர்ல அவருக்கு என்ன நிக்கும்? சரி, அவர் வியாபாரி. நமக்கென்ன வந்துச்சு? "இந்தக் காலத்துல ஒயரா"ன்னு வெட்கப்படறோம். அம்மாவே கேட்டாங்க, "கூடத்துல கொடி மாதிரி தொங்குமாடா?"ன்னு. மூணு வாரமா பெட்டியில இருக்கற பொருளை நம்பினவன் நான். அந்த மூணு வாரமும் அப்பாவோடது.

இப்போ ஆறரைக்குக் குட்டிதான் முதல்ல போனை வைக்கறா, ஹோம்வொர்க்காம்.

டிஸ்கி: ஒயர் வாங்கறப்ப முழுத் தாமிரமான்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசினதும் அதே கலர்லதான் இருக்கும். வெயில் படற இடம்னா அவுட்டோர் ஒயர்தான் தாங்கும். கரண்டு ஒயரோட ஒரே குழாய்ல விடாதீங்க. ரிப்பீட்டர் விற்பனைக்கு :-)