போதகர் ஜெரோம் விவகாரம்: நாம் வேடிக்கை பார்க்க முடியுமா?

2023 மே மாதம். போதகர் ஜெரோம் பெர்னாண்டோவின் பிரசங்கக் காணொளி நாடெங்கும் கைமாறிக்கொண்டிருந்தது. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடவேளையில் என் தரம் 10 மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், அவர் அவங்கட சேர்ச்சில, அவங்கட ஆக்களுக்குத்தானே சொன்னார். பிறகு ஏன் நாடு முழுக்கப் பிரச்சினை?"

வகுப்பு சிரித்தது. நானும் அதைச் சிரித்துக் கடந்திருக்கலாம். ஆனால் இன்றைய மதப் போதனையின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பௌத்தம், இந்து, இஸ்லாம் ஆகிய சமயங்களைத் தொட்டு அவர் தன் சபையில் பேசினார். மண்டபத்தில் இருந்தவர்கள் அவரைப் பின்பற்றுவோர். கெமராவுக்கு அப்பால் இருந்தவர்களோ அவர் மனதில் நினைக்காத கோடிக்கணக்கானோர். எதிர்ப்புக் கிளம்பியபோது அவர் வெளிநாட்டில் இருந்தார், மன்னிப்பும் கேட்டார். ஆண்டின் இறுதியில் நாடு திரும்பிக் கைதாகி, 2024 ஜனவரியில் பிணையில் வந்தார். மன்னிப்புக் காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள்? என் வகுப்பில் கேட்டேன். முதல் காணொளியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும். இரண்டாவதைப் பார்த்தவர் எவருமில்லை.

மட்டக்களப்புக்கு மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வந்தது 1814இல். அன்றுமுதல் இந்த வாவிக்கரையில் பிரசங்கமும் பயானும் அருகருகே நடந்துவருகின்றன. முன்பெல்லாம் பேசியவரும் கேட்டவரும் ஒரே ஊரார். இரவு ஒலிபெருக்கியில் எல்லை மீறிப் பேசியவர் மறுநாள் அதே சந்தையில் மற்றச் சமயத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகம் ஒரு கடிவாளம். கெமராவுக்கு முகமில்லை.

2020இல் கொரோனா வந்து தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் மூடியபோது ஆராதனையும் பயானும் கையடக்கத் தொலைபேசிக்குள் புகுந்தன. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பெரும் உதவி. அதை மறுக்க முடியாது. கதவுகள் திறந்த பிறகும் நேரலைகள் நிற்கவில்லை. ஆனால் பேஸ்புக்கும் யூடியூப்பும் பொறுமையான ஒரு மணிநேர விளக்கத்தைவிட, அடுத்தவரைச் சீண்டும் ஒரு நிமிடத் துண்டைத்தான் வேகமாகக் கொண்டுபோகின்றன. பார்வை எண்ணிக்கையைக் கண்ட பேச்சாளர் அடுத்த வாரம் அந்த ஒரு நிமிடத்துக்காகவே பேசத் தொடங்குகிறார். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததில் தனது தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது.

ஆகவே போதகர் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று நாம் மகிழ இடமில்லை. நம் வீட்டுக் கதை இதைவிடக் கனமானது. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் நடந்த மோதலுக்குப் பிறகு ஸஹ்ரான் தலைமறைவானான். ஆள் மறைந்தான்; குரல் மறையவில்லை. ஊரில் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், முறையிட்டவர்கள் இருந்தார்கள். காணொளிகளோ தொலைபேசிகளில் ஓடிக்கொண்டேயிருந்தன. "இது இயக்கச் சண்டை" என்று பார்த்துவிட்டுக் கடந்தவர்களில் நானும் ஒருவன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கல்லடிப் பாலத்துக்கு அப்பால் சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் மாண்டார்கள். காணொளி மட்டும் குண்டைச் செய்யவில்லை. ஆனால் வெறுப்பைப் பழக்கப்படுத்தியது. அதன்பின் நம்மில் எவரோ எப்போதோ பேசிய துண்டுகளைக் காட்டி முழுச் சமூகத்தையும் விசாரித்தார்கள். துண்டுக் காணொளியின் இரு முனைகளிலும் வெட்டுப்பட்டவர்கள் நாம்.

2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. விமர்சனத்தை அடக்கவும் அது பயன்படலாம் என்ற அச்சம் நியாயமானது. எப்படியானாலும் சட்டம் தீ மூண்ட பிறகு வரும் வண்டி. அதற்கு முன் செய்ய வேண்டியவை நம் கையில் உள்ளன. பிற சமயத்தவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணி உலமாக்கள் பேசட்டும். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாமெனத் தடுக்கும் ஸூரதுல் அன்ஆமின் 108ஆம் வசனம் மிம்பருக்கு மட்டுமல்ல, மைக்குக்கும் உரியது. பள்ளிவாசல் நிர்வாகங்கள் தமது பெயரில் வெளியாகும் பயானுக்குப் பொறுப்பேற்று, முழுப் பதிவையும் வைத்திருக்கட்டும். தவறு நேர்ந்தால் அதே பக்கத்தில் திருத்தமும் வரட்டும். செய்தியை உறுதிப்படுத்தச் சொல்லும் ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தை வட்ஸ்அப்பில் பகிரும் நாம், மற்றதைப் பகிருமுன் அதன்படி நடப்போம்.

அந்த மாணவனுக்கு நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுவேலை கொடுத்தேன்: தொலைபேசியில் உள்ள ஒரு பயான் துண்டை எடு, யார், எங்கே, யாருக்கு, எப்போது பேசியது என்று எழுது, பிறகு சீயோன் தேவாலயத்தில் பிள்ளையை இழந்த ஒரு தாய் அதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்றும் எழுது.

முதல் நான்கு கேள்விகளில் இரண்டுக்கு அவனிடம் விடை இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதி வந்தான்.