துறைமுகம் இழந்த சிந்துபாத்

2003 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் ட்றீம்வேர்க்ஸ் நிறுவனம் சிந்துபாத்தைக் கதாநாயகனாகக் கொண்ட சித்திரத் திரைப்படமொன்றை வெளியிட்டது. குடும்பத்தினர் கூடியிருந்து களிக்கத்தக்க சாகசப் படமென அது கொள்ளப்படுகின்றது. அதிலே கப்பல் உண்டு, கடல் உண்டு, பூதாகாரமான பிராணிகள் உண்டு. பக்தாத் இல்லை, பஸ்ரா இல்லை, கலீபா ஹாரூன் அல் ரஷீத் இல்லை. கதாநாயகன் சிராக்கியூஸ் நகரில் வளர்ந்தவன்; அவனை அலைக்கழிப்பவள் கிறேக்கப் புராணத்து ஏரிஸ். பெயர் மட்டும் எஞ்ச, பெயருக்குரியவன் மறைந்துவிட்டான்.

பழங்கதை எவரது தனியுடைமையுமன்று என்று இதற்கு நியாயங் கற்பிப்போர் உளர். கதைகள் கலப்பது உண்மையே. சிந்துபாத்தின் மூன்றாம் பயணத்தில் வரும் நரமாமிச அரக்கன் ஹோமரின் ஒற்றைக்கண் அரக்கனை நினைவூட்டுகின்றான். ஆனால் அரபுக் கதைஞர் அவனைத் தம் கடலுக்குக் கொணர்ந்தனரேயன்றிக் கிறேக்க வீரனொருவனின் பெயரைப் பறித்துத் தம் நாயகனுக்குச் சூட்டவில்லை. இப்படத்தின் கதைக்கரு, நண்பனுக்காக நண்பன் உயிர்ப்பிணை நின்ற சிராக்கியூஸ் நகரத்துப் பழங்கதையாகும். அதனை அதன் பெயராலேயே படமாக்கியிருக்கலாம். சந்தையில் விலைபோகும் பெயர் வேண்டியிருந்தது. அப்பெயரை ஈன்ற மக்கள் வேண்டியிருக்கவில்லை.

இதனால் இழக்கப்பட்டவை இரண்டு. முதலாவது, இந்து சமுத்திரத்தின் வரலாறு. 1998 இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அதனுள் ஏறத்தாழ 60,000 சீனப் பொருள்கள் இருந்தன. சிந்துபாத் கதைகளுக்குப் பின்னால் நிற்பது இத்தகைய வணிக உலகமே. அவனது ஆறாம் பயணம் சரந்தீப்பிற்கானது. அந்நாட்டு மன்னன் கலீபாவுக்குப் பரிசில்களும் ஓலையும் அனுப்புகின்றான். ஈழத்துச் சிறுவன் தன் தீவைக் காணக்கூடிய உலகக் கதையொன்றின் வரைபடம் இங்கு அழிக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, சுமைகூலி. மூலக்கதை கடலிலன்று, செல்வனின் வாயிலிலே தொடங்குகின்றது. உழைத்துக் களைத்த சுமைகூலியொருவன் அங்கமர்ந்து, ஒருவனுக்குச் செல்வமும் மற்றவனுக்குச் சுமையும் ஏன் எனப் புலம்புகின்றான். அவ்வினாவுக்கு விடையாகவே ஏழு பயணங்களும் சொல்லப்படுகின்றன. அவ்விடை வணிகனின் விடை. ஆயினும் வினா அழியாது நிற்கின்றது. திரைப்படத்தில் வினாவும் இல்லை, வினவியவனும் இல்லை.

2003 மார்ச்சில் ஈராக் மீது அமெரிக்கா தலைமையிலான படைகள் போர் தொடுத்தன. ஏப்பிரலில் பக்தாத் வீழ்ந்தது. அதன் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. படத்தின் தயாரிப்பு அதற்கு முன்னரே தொடங்கியமையால் இரண்டையும் ஒரே சதியெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் அவ்வாண்டிலே பக்தாத் போர்ச் செய்திகளில் மட்டும் காட்சியளித்தது. அதன் மாலுமியோ மத்தியதரைக் கடலில் உலவினான். 1992 இல் வெளிவந்த 'அலாதீன்' படத்தின் பாடலடிகள், அரபு அமெரிக்கரின் எதிர்ப்பினால் மறு ஆண்டு மாற்றப்பட்டன. இழிவுபடுத்தலை எதிர்க்க முடிந்தது, அங்கு எதிர்க்க ஓர் அடி இருந்தமையால். இல்லாமற் செய்தலுக்கு அத்தகைய தடயமும் இல்லை; அதுவே அதன் ஆபத்து.

சிறுவர் படத்திற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்பது இறுதி ஆட்சேபம். வரலாற்று நூலை நாடுவோர் சிலர்; சித்திரப் படத்தைக் காண்போர் பல கோடியினர். உலகம் யாருடையது என்பதைக் குழந்தை முதலிற் கற்குமிடம் அதுவே. ஆதலின் அவ்விடத்திலேயே பக்தாத்தும் பஸ்ராவும் சரந்தீப்பும் மீட்கப்படல் வேண்டும்.