வேலியே பயிரை மேய்ந்தால்

காங்கேயம் தேங்காய்க் களங்களில் காய் உடைக்கும் கைகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கும் கைகளிலும் எங்கள் மக்களின் கைகள் உண்டு. எண்ணெய் டின்னிலோ பனியன் லேபிளிலோ எங்கள் பெயர் இல்லை.

'நீங்களும் தொழில் தொடங்குங்கள்' என்று 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன். கடைவீதியில் சாதி பார்ப்பார்கள், ஆன்லைனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்களும் நம்பினோம்.

ஆனால் அந்தச் சந்தையை நடத்துபவரே அங்கே சரக்கும் விற்கிறார். எது ஓடுகிறது என்ற கணக்கு முழுவதும் அவர் கையில். நன்றாக விற்கும் பொருட்களை இந்தியாவில் அமேசான் நகலெடுத்துச் சொந்த பிராண்டில் விற்றது, தேடலில் அதை முன்னால் நிறுத்தியது என்று 2021 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் ஆவணங்களுடன் எழுதியது. ஜான் மில்லர் சட்டையின் கழுத்தளவு, கைநீளம்கூட விடவில்லையாம். அமேசான் மறுத்தது. பெரிய பிராண்டுக்கே இந்த நிலை என்றால், தவணை கட்டும் எங்கள் பிள்ளை எம்மாத்திரம்?

சந்தை நடத்தும் நிறுவனம், தான் பங்கு வைத்துள்ள விற்பனையாளரை அங்கே விற்கவிடக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரி முதல் இருக்கிறது. அது அந்நிய முதலீட்டுக்கு மட்டும். உள்நாட்டு முதலாளிக்கு இல்லை.

மேய்கிற வேலி உள்ளூர் வேலியாக இருந்தால் பயிர் பிழைத்துவிடுமா? சந்தை நடத்துபவர் அதில் சொந்தச் சரக்கு விற்கக் கூடாது. இந்த விதி எல்லோருக்கும் வேண்டும். இல்லையென்றால் எங்களுக்கு மிஞ்சுவது கடன் மட்டுமே.