கங்காணிதான் முதல் கைட்

வெள்ளிக்கிழமை பின்னேரம். ஒலுவில் ஹொஸ்டல். ஃபேன் சுத்துது, வெக்கைதான் வருது. ஆறு பேர் ஒரு லெப்டொப்பைச் சுற்றி இருந்து பனிமலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தரும் பனியில் கால் வைத்ததில்லை. நுவரெலியாவில் விடியப்புறம் புல்லு வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தவர் ஒராள் இருக்கிறார், அதையே மூன்று வருஷமாகச் சொல்லித் திரிகிறார்.

வீடியோவில் ஓடியது ‘ஓட் ரூட்’ என்கிற பாதை. பிரான்சின் சமோனியில் இருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரைக்கும், ஆறேழு நாள். காலில் பனிச்சறுக்குப் பலகை. அதன் அடியில் ஒரு ரோமப் பட்டியை ஒட்டுவார்கள். அது முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது, அதனால் பலகையோடயே மலை ஏறலாம். மேலே போனதும் பட்டியை உரித்துச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். பொழுதுபட ஒரு மலைக்குடில், விடிய முன்னம் எழும்பினால் அடுத்த குடில். இது பழகுகிறவர்களுக்கான பாதை இல்லை. நல்லாச் சறுக்கத் தெரிந்தவர்களே பெரும்பாலும் ஒரு கைட்டோடதான் போகிறார்கள். 2018 ஏப்ரல் கடைசியில் வின்யெத் குடிலுக்குச் சில நூறு மீற்றர் தூரத்தில் புயலில் சிக்கி ஏழு பேர் இறந்தார்கள். கூட்டிப்போன கைட்டும் அதில் ஒருவர்.

“மச்சான், எங்கட நாட்டிலயும் இப்பிடி ஒண்டு இரிக்கி” எண்டு ஒராள் சொன்னார். அவர் சொன்னது பெக்கோ ட்ரெயிலை. பனி மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் இருக்கு: பல நாள் நடை, கைட், ஒவ்வொரு நாளும் ஒரு தங்குமிடம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். பாதை போட ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எய்டும் காசு கொடுத்தன. தோட்டத்து ரோடுகளும் பழைய தேயிலைப் பாதைகளும்தான் இந்த ட்ரெயில். வழியில் இருக்கிற சனத்துக்கு வருமானம் வரும் எண்டு இதைப் பற்றி எழுதுகிற எல்லாரும் எழுதுகிறார்கள்.

எங்களுடைய சண்டை அந்த ஒரு வசனத்தோடதான். பாதையோடு சண்டை இல்லை. மலையில் நடப்பது நல்ல விஷயம், எங்களுக்கும் ஆசை.

பல நாள் நடையில் காசு எங்கே விழும் எண்டு யோசிச்சுப் பாருங்க. நடக்கிறவன் வழியில ஒரு தண்ணிப் போத்தல் வாங்குவான், ஒரு பிளேன்டீ குடிப்பான். பெரிய காசு இராப் படுக்கைக்குத்தான் போகும், பிறகு கைட்டுக்கு. படுக்கைக் காசு வீடு வைத்திருக்கிறவனுக்குப் போகும். தோட்டத்தில் வீடு யாருடையது? 1992ல் நிருவாகம் கம்பனிகளிடம் போனது, நிலம் அரசாங்கத்தினது. லயன் காம்பராவில் நாலு தலைமுறை பிறந்து செத்தாலும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அவர்கள் பெயரில் இல்லை. சொந்தமில்லாத சுவரில் ‘ஹோம்ஸ்டே’ எண்டு போட் மாட்ட ஏலாது. உறுதி இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் குடுக்கும், ஒரு டொய்லட் கட்ட? அப்ப படுக்கைக் காசு துரைமார் பங்களா ஹோட்டலாகின இடத்துக்கும் டவுனில் காணி உள்ளவனுக்கும் போகுது. 2024ல் சம்பளச் சபை நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு பங்களா அறையின் ஒரு இராவுக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்கணும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க.

எங்கட பெட்ச்சில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சி ஒராள் படிக்கிறா. முதலாம் வருஷம் ட்ரிப் போகக்குள்ள, “உங்கட வீட்ட ஒரு நாள் தங்குவமா?” எண்டு நாங்க வாய் கூசாமக் கேட்டோம். கல்முனையில அப்பிடித்தான், பத்துப் பேர் வந்தாலும் ஹோலில் பாய் விரிச்சிரலாம். அவ சிரிச்சிட்டு, “இடம் பத்தாது நானா” எண்டு மட்டும் சொன்னா. ஏன் பத்தாது எண்டு விளங்க எங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு. நாங்க அந்த ட்ரிப்பில் என்ன செய்தோம் தெரியுமா? கொழுந்துக் கூடையை ஒரு அம்மாவிடம் இரவல் வாங்கித் தலையில மாட்டி ஃபோட்டோ எடுத்தோம். அவ 100 ரூபாய் கேட்டதுக்கு வேனுக்குள்ள ஏறிப் பகிடி பண்ணினோம். இதை எழுத வெட்கமாத்தான் இருக்கு. எழுதாம வெள்ளைக்காரனை மட்டும் ஏசினால் அது இன்னும் வெட்கம்.

அந்தத் தங்கச்சியுடைய தம்பி நடக்க வாறவங்களுக்குப் பை தூக்கப் போறவர். எந்த இடத்தில் அட்டை கடிக்கும், எந்த வளைவில் மண் இளகி இருக்கு, மிஸ்ட் இறங்கினா எந்தப் பக்கம் திரும்பணும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கைட் எண்டு பேர் கொழும்பிலிருந்து வந்தவருக்கு. இவர் ‘போய்’.

இப்ப சமோனிக்கு ஒருக்காத் திரும்பிப் போவம். 1820ல் ஹமெல் எண்ட ரஷ்ய டொக்டர் ஒருவர் மோன் பிளாங் ஏறப் போனார். காலநிலை சரியில்லை, திரும்புவம் எண்டு கைட்மார் சொன்னார்கள். பயணம் நிற்கவில்லை. பனிச்சரிவில் மூன்று கைட்மார் செத்தார்கள். டொக்டர் தப்பிவிட்டார். அடுத்த வருஷமே, 1821ல், அந்த ஊர் கைட்மாருக்கு ஒரு சங்கம் உண்டாச்சு. கூலி நிர்ணயம், முறை வைத்து வேலை, அடிபட்டவன் குடும்பத்துக்கு நிதி. 200 வருஷம் தாண்டியும் அந்தச் சங்கம் இருக்கு. பாதையின் மற்ற முனை செர்மாட். அங்கே ஊர்க் குடிமக்களின் சமூகத்துக்குக் காணியும் சொந்தம், ஹோட்டல்களும் சொந்தம். 1879ல் திறந்த அவர்களுடைய பெரிய ஹோட்டல் இன்றைக்கும் அந்த ஊராருடையது. வெளியூரிலிருந்து வந்து ஹோட்டல் நடத்திய அலெக்சாண்டர் சைலர் எண்ட பணக்காரருக்கு ஊருரிமை குடுக்க அந்தச் சனம் பல வருஷம் மறுத்து வழக்காடினது. அந்தப் பிடிவாதம் எங்களுக்குப் பிடிக்கல்ல, ‘வெளியாள்’ எண்ட சொல்லை நாங்களும் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனாலும் இதை எங்கட நாட்டோடு வைச்சுப் பாருங்க. அங்க மலைச்சனம் ஹோட்டல்காரருக்குப் பிரஜாவுரிமை குடுக்கல்ல. இங்க 1948ல் அரசாங்கம் மலைச்சனத்தின்ட பிரஜாவுரிமையையே பறிச்சது. எஞ்சி இருந்தவர்களுக்கும் சேர்த்து அது திரும்பிவர 2003 மட்டும் போச்சு.

அதால, அல்ப்ஸில குடில்விட்டுக் குடில் நடக்கிறாங்க, இங்கயும் நடப்பம் எண்டு படத்தை மட்டும் பிரதி எடுத்தா காணாது. அங்க குடிலுக்குக் கீழ இருக்கிற மண்ணும் கைட்டின் சங்கமும் சேர்ந்துதான் அது.

இன்னொண்டு. பல நாள் நடை, கூட்டிப்போக ஒராள், வழியில் தங்குமிடம்: இந்த நாட்டு மலைக்கு இது புதுசு எண்டு யார் சொன்னது? 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் கொட்டில்கள் இருந்தன. கூட்டிப்போனவர் கங்காணி. இலங்கையில் முதல் ‘கைட்டட் ட்ரெக்’ அதுதான். செலவு நடந்தவர்களுடையதே. கடலைக் கடந்த கூலி, அரிசி, எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறி, தோட்டம் மாறினால் ‘துண்டு’ எண்ட கடன் சீட்டாகக் கூடவே போனது. 1921ல்தான் துண்டு முறையை ஒழிச்சார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்கு எந்த போட்டும் இல்லை. போய்ச் சேர்ந்தவர்கள் காட்டை வெட்டினார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர இப்ப ட்ரெயிலில் ஒரு தரிப்பு. டெய்லர் இருந்த இடத்தைக் காட்டுகிறார்கள். நடந்து வந்தவர்கள் இருந்த இடத்தைக் காட்டத் தேவையில்லை, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் லயனில்தானே இருக்கிறார்கள்.

அந்த நடையை 2023ல் மலையகச் சனம் திரும்ப நடந்தது. 200 வருஷ நினைவாக, ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடித்தார்கள். காணியுரிமை அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. அதே காலத்தில்தான் பெக்கோ ட்ரெயிலும் பேர் எடுத்தது. ரெண்டும் பல நாள் நடை. இன்ஸ்டகிராமில் எதைக் கண்டீங்க?

“நீங்க கரையூர்க்காரங்க, உங்களுக்கேன் மலைக்கதை?” எண்டு எங்கட ஊரிலயே கேக்கிறாங்க. எங்கட கரையிலயும் இதே கதைதான். பொத்துவிலுக்கு அங்கால பாணமையில் 2010 ஜூலையில் ராகம்வெல, சாஸ்த்ரவெல சனத்தை அடிச்சு விரட்டினார்கள். 350 குடும்பங்கள். அந்தக் கரையில் கடற்படை முகாம் வந்தது, பிறகு உல்லாச விடுதி வந்தது. திருப்பிக் குடுக்கச் சொல்லி 2015ல் அமைச்சரவை முடிவெடுத்தும் சனம் போராடிக்கொண்டே இருந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமிச் சனத்துக்கு சவூதிக் காசில் கட்டின 500 வீடு வழக்கில் சிக்கி, வருஷக் கணக்காகப் பூட்டிக் கிடந்து காடு பத்தினது. யாருக்கு எந்த மண் எண்ட கேள்வியைத் தீர்க்காம வீடு கட்டினாலும் பாதை போட்டாலும் என்ன நடக்கும் எண்டு படிக்க எங்களுக்கு மலைக்குப் போகத் தேவையில்ல.

நடையும் எங்களுக்குப் புதுசில்லை. ஒவ்வொரு வருஷமும் கதிர்காமத்துக்குப் போற பாதயாத்திரை கல்முனை, திருக்கோவில், பொத்துவில், உகந்தை எண்டு எங்கட ரோட்டாலதான் போகுது. வேல் தூக்கிறவர் முன்னுக்கு. படுக்கை கோயிலில், மரத்தடியில். குடிக்கத் தண்ணி குடுக்கிறவங்க காசு கேக்கிறதில்லை, எந்தச் சனம் எண்டும் கேக்கிறதில்லை. அங்க கதிர்காமத்தில் பள்ளிவாசலும் கொடியேற்றமும் இருக்கு. வெறுங்காலோடு வாரக்கணக்கில் நடக்கிற அந்தக் கிழவிகளைப் போல ‘அட்வான்ஸ்ட்’ நடைக்காரரை எந்த ட்ரெயிலிலும் காண ஏலாது எண்டது எங்கட கருத்து.

“ட்ரெயில் வந்து கொஞ்சப் பேருக்காவது வேலை கிடைச்சிருக்கே, அதையும் கெடுக்கிறீங்களா?” எண்டு கேட்டால், கெடுக்கல்ல. சிலருக்குக் கிடைச்சிருக்கு, கடை போட்டவர்கள் இருக்கிறார்கள். அது காணாது எண்டுதான் சொல்றோம். லயன் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி எண்டு அரசியல்வாதிகள் சொல்லிச் சொல்லியே தேய்ஞ்சு போச்சு. அந்த உறுதிப் பத்திரம் முதலில் ட்ரெயில் போகிற தோட்டங்களில் கைக்கு வரட்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் கைட் பயிற்சி குடுத்து, அந்தந்தப் பிரதேசத்து லைசன்ஸ் குடுக்கட்டும். பை தூக்கிறவருக்கு நிர்ணயக் கூலியும் விபத்துக் காப்புறுதியும் வேணும். சமோனிக்காரர் 1821ல் எடுத்ததை நாங்க இந்த நூற்றாண்டில் கேக்கிறது பேராசையா?

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிஞ்சு லயன்களை மூடினது. அந்த இடம் ஆபத்து, சனத்தை எழுப்புங்க எண்டு அதற்கு முன்னமே எச்சரிக்கை குடுத்திருந்தது. போக வேறு மண் இருந்தால்தானே எழும்புவாங்க. அந்தப் பக்கத்து மலைகளைத்தான் நடக்கிறவங்க அப்புத்தளையில் நின்று “வியூ” எண்டு பார்க்கிறாங்க.

ஏப்ரல் லீவுக்கு நாங்க திரும்பவும் மலைக்குப் போறோம். கூடை ஃபோட்டோ இல்லை. அந்தத் தங்கச்சி அவட அம்மாவோடு பேசிச் சொல்லியிருக்கிறா: படுக்கை கோயில் மண்டபத்தில், சாப்பாடு சைவம், ஆகவே எங்களுக்கும் பிரச்சினை இல்லை. மூன்று நாள் நடை, தம்பிதான் கைட். அவர் கேட்ட கூலியை முன்கூட்டியே அனுப்பிவிட்டோம். மீரியபெத்தையிலும் ஒரு நாள் நிற்போம். பன்னிரண்டு இடம், ஏழு நிரம்பிட்டு.