சும்மா கிடக்கும் புல்

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டபோது கருமத்தம்பட்டிப் பக்கம் மகிழாதவர்கள் இல்லை. அறுபது ஆண்டுக் கோரிக்கை அது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. நீரை இறைத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளில் நிரப்ப வேண்டும். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதி மட்டுமே வந்த ஊர்கள் இவை. விசைத்தறியில் ஷிப்டு முடித்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற பெண்களுக்கு இந்த நீர் நியாயமாகச் சேர வேண்டியது.

என் சண்டை திட்டத்தோடு அல்ல, அதைப் பற்றிய பேச்சில் ஓயாமல் வரும் ஒரு சொல்லோடு: 'உபரி நீர்'.

எங்கிருந்து வந்த உபரி? பவானி நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறக்கிறது. அங்கே மலை மடிப்புகளில் அடர்ந்த குட்டை மரக்காடு, அதுதான் சோலை. அதைச் சுற்றிலும் புல்வெளி. புல்லின் வேரும் சோலையின் மக்கிய தரையும் மழையை வாங்கி வைத்து, மழை நின்ற பிறகு மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. மாசி, பங்குனியில் ஆற்றில் ஓடுவது அந்தச் சேமிப்புதான்.

19ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளையருக்கு அந்தப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. தொதவர்களின் எருமைகள் மேய்ந்த நிலத்தில் சீகை மரம் நட்டார்கள், கற்பூர மரம் நட்டார்கள், தேயிலை போட்டார்கள். விடுதலைக்குப் பிறகு நம் அரசும் காகிதக்கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் அதே மரங்களை நட்டது. 'சும்மாதானே கிடக்குது' என்பதுதான் இரண்டு அரசுகளின் நியாயமும்.

இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையை அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவளைத்தான் 'வீட்ல சும்மாதான் இருக்கா' என்கிறார்கள். வீட்டு வேலை மட்டும் செய்பவளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உழைப்பாளர் அல்லாதோர் பட்டியலில்தான் வைக்கிறது. கூலி கேட்காத உழைப்பை உழைப்பென்றே எண்ணுவதில்லை. அதன் பலன் மட்டும் உபரியாகிறது.

புல் சும்மா கிடக்கவில்லை என்பதற்கு அளவு இருக்கிறது. உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டது. புல்வெளியில் கற்பூர மரம் நட்ட பக்கத்தில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி மறுபடி துளிர்க்கவிட்ட அடுத்த பத்தாண்டில் சுமார் 25 விழுக்காடு. மரம் நட்டால் மழை, மழை வந்தால் நீர் என்று மேடைக்கு மேடை முழங்குபவர்கள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

இப்போது மழையும் மாறிவிட்டது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. கோவை நகரத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். பிடித்து வைக்கப் புல் இல்லாத சரிவில், கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கிளறிவிட்ட மண்ணில், இப்படிப்பட்ட மழை தங்காது. மண்ணை வாரிக்கொண்டு அணைக்குப் போகும். கோடையில் ஊற்று வற்றும். வெள்ளமும் வறட்சியும் ஒரே மலையிலிருந்து வருவது இப்படித்தான்.

சரிவு இடியும்போது அடியில் இருப்பவர்கள் யார்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களில் 70 பேர் மாண்டார்கள், தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நூற்றுக்கணக்கானோர். அந்த மழை பருவநிலை மாற்றத்தால் சுமார் 10 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது என்று உலக வானிலை ஆய்வாளர் குழு கணக்கிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு லயம் எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை இருந்ததில்லை. வீட்டுக்குப் பட்டாவும் இல்லை.

மலையைத் தாய் என்று பாடுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தாய் என்றால் கேட்காமல் கொடுப்பாள் என்பதுதான் அந்தப் பாட்டின் பொருள். தமிழ்த் துறைகளும் குறிஞ்சியைப் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று நடத்தி முடித்துவிடுகின்றன. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அதே புல்வெளியின் செடி. அதன் நிலம் சுருங்குவது எந்தத் தேர்விலும் கேள்வியாக வருவதில்லை.

'அப்படியானால் தண்ணீர் வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும். கூடவே வேறு சிலவும் வேண்டும். அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவு முழுதாக நிறைவேற வேண்டும். புல்வெளியை மீட்கும் வேலை மலைப் பெண்களுக்கு முழுக்கூலியோடு கிடைக்க வேண்டும். தேயிலைத் தொழிலாளிக்குப் பாதுகாப்பான இடத்தில் அவள் பெயரில் வீடு வேண்டும். குழாய்க்கும் மோட்டாருக்கும் 1,900 கோடிக்கு மேல் செலவிட முடிந்த அரசு, குழாயின் மறுமுனையிலுள்ள மலைக்கு என்ன ஒதுக்கியது என்று சொல்ல வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊர்க் குளக்கரையில் யாராவது 'உபரி' என்று சொன்னால் எழுந்து கேளுங்கள்: யாருடைய உழைப்பில் மிச்சமானது அது?