அழைப்பில் தெளிவு வேண்டும்

சிங்கப்பூரில் மருத்துவர்களுக்கான கருத்தரங்குகளுக்குப் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே அழைப்பு அனுப்பப்படுகிறது. அவ்வழைப்பில் அலங்காரச் சொற்களைவிடத் தெளிவே முதன்மை பெற வேண்டும் என்பது என் கருத்து.

நோயாளிகளைப் பார்ப்பதற்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில்தான் மருத்துவர் மின்னஞ்சலைப் படிக்கிறார். ‘அன்பான அழைப்பு’ என்ற தலைப்பு அவருக்கு எதையும் உணர்த்தாது. ‘நீரிழிவும் கண் பாதிப்பும்: கருத்தரங்கு, மார்ச் 14, இரவு மணி 7.30’ என்று எழுதினால், மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே அவர் முடிவெடுக்கலாம்.

தொடர் மருத்துவக் கல்விப் புள்ளிகளைப் பெறுவது இங்குள்ள மருத்துவர்களுக்கு 2003 முதல் கட்டாயம். எனவே, நிகழ்ச்சிக்குப் புள்ளிகள் உண்டா என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செலவை ஏற்பவர் யார் என்பதை மறைக்கக்கூடாது. மருந்து நிறுவனம் ஒன்று விருந்தளிக்கும் கூட்டத்தில் அதன் மருந்தே புகழப்படலாம். இதை முன்கூட்டியே அறிந்த மருத்துவர், கேட்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் வருகை குறையும் என்று சிலர் அஞ்சலாம். ஆனால், அங்குக் கேட்டதை நம்பி மருத்துவர் எழுதித் தரும் மருந்தை உட்கொள்பவர் நோயாளியே. ஆகவே, அழைப்பை எழுதுவோர் அவரையும் மனத்தில் கொள்ள வேண்டும்.